25 டெராபைட் தாண்டிவிட்டது: பெரிய பெட்டி வாங்குவதா, அமைப்பையே மாற்றுவதா?

பொழில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உதவிக்கு ஒரே ஒருவர் இருக்கிறார். மொத்தம் 120 பேர் வேலை செய்யும் இடம்.

இப்போதைய நிலை இது. ஒரே ஒரு விண்டோஸ் ஃபைல் சர்வர். 4 டெராபைட் டிஸ்க் எட்டு, ரெய்டு 5 (டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, அதில் ஒன்று போனாலும் தரவு தாங்கும் முறை). கிடைக்கும் இடம் 28 டெராபைட், அதில் 25 நிரம்பிவிட்டது. வளர்ச்சி முன்பெல்லாம் மெதுவாகத்தான் இருந்தது. ஓராண்டுக்குக் கொஞ்சம் முன்னால் தரச் சோதனைக்குக் கேமரா பொருத்தினார்கள்; அதிலிருந்து மாதம் 1 டெராபைட்டுக்குக் குறையாமல் ஏறுகிறது. வரைபடங்கள், ஸ்கேன் செய்த பில்கள், பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் அதே சர்வரில்தான்.

ஈஆர்பி (கணக்கு, சரக்கு, ஆர்டர் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) தனி சர்வரில் ஓடுகிறது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அது 1.4 டெராபைட் ஆகிவிட்டது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு ரிப்போர்ட் எடுத்தால் கிடங்கில் இருப்பவர்களுக்குத் திரை உறைந்துபோகிறது.

பேக்கப் வெள்ளி மாலை 7 மணிக்குத் தொடங்கும். முழு வால்யூமும் நெட்வொர்க்கில் இணைத்த ஒரு சேமிப்புப் பெட்டிக்கு (என்ஏஎஸ்) போகும். முன்பு சனிக்கிழமை இரவே முடிந்துவிடும். இப்போது திங்கள் காலை 10 மணி ஆகிறது, அதுவரை யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நிர்வாகம் மூன்று மடங்கு கொள்ளளவில் புதிய பெட்டிக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறது. எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம்? ரெய்டு எந்த வகை? இல்லை, ஒரேயடியாகக் கிளவுடுக்கே போய்விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இரும்புப்பெட்டி

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு டிஸ்க்கை ரெய்டு 5-இல் ஓட்டாதீர்கள். ஒரு டிஸ்க் போனால் மீதி ஏழையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துத்தான் புதிய டிஸ்க்கை நிரப்ப வேண்டும். அதாவது 28 டெராபைட்டை ஒரு பிழையும் இல்லாமல் படித்தாக வேண்டும். சாதாரண சாட்டா டிஸ்க்கின் விவரத்தாளைப் பாருங்கள்: 10-இன் 14ஆம் அடுக்கு பிட் படித்தால் படிக்க முடியாத இடம் ஒன்று வரலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் மொத்தத் தரவையும் அந்த நம்பிக்கையில் விட முடியாது. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டு பற்றி எழுதியபோது டிஸ்க் எல்லாம் மெகாபைட் கணக்கில் இருந்தன. படிக்கும் வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை, கொள்ளளவு மட்டும் எங்கேயோ போய்விட்டது.

புதிய பெட்டி என்றால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற ரெய்டு 6, அல்லது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் அதற்கு இணையான ரெய்டு-இசட் 2. நான் இசட்எஃப்எஸ் பக்கம்தான். எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓட விட்டால், யாரும் தொடாமலேயே கெட்டுப்போன பிட்டைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும். ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் தரவு இருந்த நிலையின் பதிவு) எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், அதற்குமேல் எழுதும் வேகம் குறைய ஆரம்பிக்கும்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல எழுதும் வகை அது. சும்மா படம் போட்டு வைக்கச் சரி. ரெய்டில் மறுகட்டமைப்பு வந்தால் நாள் கணக்கில் இழுத்துவிடும்.

பழைய நாடா

பொழில், பெட்டி பற்றிப் பேசும் முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் பேக்கப் 1 கிகாபிட் நெட்வொர்க்கில்தானே போகிறது? அதில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் கிடைக்கும். 25 டெராபைட்டை 110 மெகாபைட்டால் வகுத்தால் 2,27,000 நொடி சொச்சம், 63 மணி நேரம். வெள்ளி மாலை 7 மணியிலிருந்து 63 மணி நேரம் எண்ணிப் பாருங்கள், திங்கள் காலை 10. நீங்கள் சொன்ன நேரம் அப்படியே வருகிறது. உங்கள் டிஸ்க்கோ சர்வரோ மெதுவாக இல்லை, ஒயர்தான் நிரம்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அந்த சர்வர் ஒரு புதன்கிழமை நின்றுபோனால், எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர அதே ஒயரில் அதே 63 மணி நேரம் ஆகும். அதாவது சனிக்கிழமை வரை நிறுவனத்தில் ஒரு வரைபடம்கூடத் திறக்காது. மூன்று மடங்குப் பெட்டி வாங்கி நிரப்பினால் அது எட்டு நாளுக்கு மேல். கொள்ளளவைக் கூட்டக் கூட்ட நீங்கள் வாங்குவது அந்த எட்டு நாளையும் சேர்த்துத்தான்.

அதனால் எத்தனை டெராபைட் வேண்டும் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எது, எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப வந்தாக வேண்டும்? ஒவ்வொரு பிரிவாகப் போய் இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தச் சேமிப்பகம் என்பது அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

நீலமுகில்

கிளவுட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் வந்ததே இந்த மாதிரித் தேவைக்குத்தான். அமேசானின் எஸ்3 சேவை 2006 மார்ச்சில் வந்தது. இன்று கிட்டத்தட்ட எல்லாக் கிளவுடுகளும், உள்ளூரில் வைக்கும் பெட்டிகளில் பலவும் அதே ஏபிஐ-யை (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை) பேசுகின்றன. ஒரு பக்கெட், அதற்குள் பெயரும் தரவும், அவ்வளவுதான். இடம் நிரம்புமே என்ற கவலையே கிடையாது. தரவு தொலையாது என்பதற்கு அவர்கள் சொல்வது 99-க்குப் பிறகு ஒன்பது 9-கள், மொத்தம் பதினொரு 9.

ஆனால் அந்தப் பதினொரு 9 வன்பொருள் கெட்டுப்போவதற்கு எதிரான உறுதி. நீங்களே தவறுதலாக அழித்தாலோ, உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவன் அழித்தாலோ அது காப்பாற்றாது. அதற்குத்தான் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வெர்ஷனிங்கும், அழிக்க முடியாமல் பூட்டும் ஆப்ஜெக்ட் லாக்கும். லாக் போட்ட காலம் முடியும்வரை, கம்ப்ளையன்ஸ் முறையில் வைத்திருந்தால் கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாது. தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக எனக்கு மிகவும் பிடித்த கவசம் இது.

உங்கள் ஃபைல் சர்வரை அப்படியே பக்கெட்டுக்குத் தூக்க வேண்டாம். வரைபடம் வரையும் மென்பொருள் ஃபைலைப் பூட்டும், நடுவில் திருத்தும், பெயர் மாற்றும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் இவை எதுவும் ஃபைல் சிஸ்டத்தில் நடப்பதுபோல நடக்காது. எழுதி முடித்த, இனி மாறாத தரவுக்குத்தான் அது. உங்கள் கேமராப் படங்கள் அப்படியே அந்த வகை.

இணைய வேகத்தையும் பாருங்கள். உங்களிடம் ஏற்றுவதற்கு 200 மெகாபிட் இருந்தால், வேறு எதற்கும் பயன்படுத்தாமல் முழுதாகக் கொடுத்தாலும் 25 டெராபைட் போய்ச் சேர பதினொன்றரை நாளுக்கு மேல் ஆகும். முதல் தடவை ஏற்றுவதைவிட, நெருக்கடியில் திரும்ப இறக்குவதை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இதில் பழைய நாடா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

கணக்குப்பிள்ளை

நான் நிதிப் பிரிவு ஆள், தொழில்நுட்பம் அரைகுறைதான். ஆனால் கிளவுட் பில்களை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு மாதத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு இவ்வளவு என்ற ஒரே எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். பில்லில் நான்கைந்து வரிகள் வரும். வைத்திருப்பதற்கு ஒன்று, ஒவ்வொரு முறை எழுதவும் படிக்கவும் ஒன்று, வெளியே இறக்குவதற்கு ஒன்று, குளிர் அடுக்கிலிருந்து (அரிதாகத் தொடும் தரவை மலிவாக வைக்கும் இடம்) மீட்பதற்கு ஒன்று. எஸ்3-இல் அரிதாகப் படிக்கும் அடுக்கில் குறைந்தது 30 நாள் கட்டணம் உண்டு; அதற்கு முன்னால் அழித்தாலும் கட்ட வேண்டும். 128 கிலோபைட்டுக்குக் குறைந்த ஃபைலாக இருந்தாலும் 128 என்றே கணக்கு. மிக ஆழமான ஆர்க்கைவ் அடுக்கில் குறைந்தது 180 நாள். அதிலிருந்து எடுக்கச் சாதாரண முறையில் 12 மணி நேரம் வரை ஆகும், மலிவான மொத்த முறையில் 48 மணி நேரம் வரை. குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு தொகுப்பாகக் கட்டி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கோரிக்கைக் கட்டணமே பெரிதாகிவிடும்.

சொந்தப் பெட்டிக்கும் இதே அக்கறை வேண்டும். வாங்கும் விலையோடு மின்சாரம், குளிரூட்டல், உத்தரவாத நீட்டிப்பு, மாற்று டிஸ்க், பேக்கப்புக்கான இரண்டாவது பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரம் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுக்குப் போடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காமல் வாங்கினால் மறுபடி இதே கேள்வியோடு நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளரைக் குறியுங்கள். எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பதை அவர் எழுத்தில் தர வேண்டும். அழிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாத தரவுதான் எப்போதும் வளர்ந்துகொண்டே போகிறது.

அட்டவணை

ஈஆர்பி பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான். 120 பேர் நிறுவனத்தில் வரவு செலவு, சரக்கு, ஆர்டர் எல்லாம் சேர்ந்தும் 1.4 டெராபைட் வருவது கடினம். பில் ஸ்கேன்களையும் பிடிஎஃப்-களையும் டேபிளுக்குள்ளேயே பைட்டாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். டேபிள் வாரியாக அளவைப் பாருங்கள், பெரிய மதிப்புகளைப் போஸ்ட்கிரெஸ் தனியே வைக்கும் டோஸ்ட் பகுதியையும் சேர்த்து. ஒரு டேபிள் மட்டும் மலை மாதிரி நிற்கும்.

அப்படி இருந்தால் அந்த இணைப்புகளை (ஸ்கேன், பிடிஎஃப் ஃபைல்களை) வெளியே எடுத்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் போடுங்கள். டேபிளில் அந்த ஃபைலின் எஸ்எச்ஏ-256 எண்ணும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) அளவும் மட்டும் இருக்கட்டும். ஃபைலின் பெயரே அந்த எண்ணாக இருந்தால் ஒரே பில் இரண்டு முறை வந்தாலும் ஒரு நகல்தான் நிற்கும், பழையதன் மேல் எழுதும் பேச்சுக்கும் இடமில்லை. எழுதும் வரிசை முக்கியம்: முதலில் ஃபைலை ஏற்றி, அது போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகுதான் டேபிளில் வரி. இடையில் மின்சாரம் போனால் யாரும் சுட்டாத ஃபைல் ஒன்று மிஞ்சும், அதனால் கெடுதல் இல்லை. தலைகீழாகச் செய்தால் இல்லாத ஃபைலைச் சுட்டும் வரி மிஞ்சும். அது ஒரு நாள் தணிக்கையில் வந்து நிற்கும்.

மாதக் கடைசி உறைதலுக்கு வேகமான டிஸ்க் மட்டும் மருந்தல்ல. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் நொடிக்கு நூறு சொச்சம் முறைக்கு மேல் அதனால் முடியாது. ஆகவே சுற்றும் தட்டே இல்லாத என்விஎம்இ-க்கு மாற்றுங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். ஆனால் பத்து ஆண்டு ஆர்டரையும் முழுதாகப் புரட்டுகிற ரிப்போர்ட், எந்த டிஸ்க்கிலும் புரட்டிக்கொண்டுதான் இருக்கும். பெரிய டேபிள்களை ஆண்டு வாரியாகப் பார்ட்டிஷன் செய்யுங்கள், போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து (2017) அது நேரடியாகவே இருக்கிறது. ரிப்போர்ட்டுக்கு ஒரு ரெப்ளிகா (உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் டேட்டாபேஸ் நகல்) வையுங்கள். கணக்குப் பிரிவு அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் புரட்டட்டும், கிடங்குக்குத் திரை நிற்காது.

பொழில்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி அளந்து பார்த்தேன், வந்த எண்கள் எனக்கே புதிதாக இருந்தன.

25-இல் 14 டெராபைட் கேமராப் படங்கள். எல்லாமே பிஎம்பி, சுருக்கமே இல்லை. 12 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ஒவ்வொன்றும் 12 மெகாபைட். குறையில்லாத பாகத்துக்கும் முழுப் படம் சேமிக்கிறார்கள். வாடிக்கையாளர் புகார் வந்தால்தான் பார்ப்போம், அதுவும் அனுப்பிய 90 நாளுக்குள் வந்துவிடும் என்றார் தரப் பிரிவு மேலாளர். அதற்கப்புறம் ஒப்பந்தத்துக்காக வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

வரைபடங்கள் மொத்தமும் 2 டெராபைட். பழைய மடிக்கணினிகளின் முழு நகல்கள் 3. மின்னஞ்சல் காப்பு இரண்டரை, ஸ்கேன்கள் 1, மீதி பலவகை.

அட்டவணை சொன்னது அப்படியே சரி. 1.4 டெராபைட்டில் 1.3 இணைப்புகள். உண்மையான கணக்குகள் 100 ஜிகாபைட்கூட இல்லை.

பிரிவு பிரிவாகக் கேட்டதில், நிறுவனம் காலையில் வேலை தொடங்க வேண்டுமானால் கட்டாயம் தேவைப்படுவது வரைபடங்களும் ஈஆர்பி கணக்குகளும்தான். இரண்டும் சேர்ந்து 2.1 டெராபைட்.

ஒரு சந்தேகம். கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று பார்க்கலாம் என்றால், எல்லா ஃபைலுக்கும் அந்தத் தேதி உருவாக்கிய தேதியாகவே இருக்கிறது. ஏன்?

இரும்புப்பெட்டி

விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் அந்தத் தேதியைப் புதுப்பிப்பதை இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது, பெரிய வால்யூம்களில் இன்றும் அப்படித்தான். படிக்கும் ஒவ்வொரு முறையும் தேதியை எழுத வேண்டியிருக்கும் என்பதால் செய்தது. அந்தத் தேதியை நம்பி எதையும் குளிர் அடுக்குக்குத் தள்ளாதீர்கள். முக்கியமான ஃபோல்டர்களுக்கு மட்டும் ஆடிட் பதிவை ஒரு மாதம் ஓட விடுங்கள், யார் எதைத் திறக்கிறார்கள் என்று உள்ளபடியே தெரியும்.

பிஎம்பி-யைப் பிஎன்ஜி ஆக்கிப் பாருங்கள். ஒரு பிக்சல்கூட மாறாது.

பழைய நாடா

பொழில், 2.1 டெராபைட் என்று எழுதினீர்களே, இந்த இழையில் அதுதான் முக்கியமான எண். 10 கிகாபிட் ஒயர் போட்டு, டிஸ்க் வேகம் நொடிக்கு 400 மெகாபைட் என்றே வைத்துக்கொண்டாலும் அது ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். பழைய 1 கிகாபிட்டிலேயே ஐந்தரை மணி நேரம்தான். 63 மணி நேரம் நின்றிருக்க வேண்டிய நிறுவனம் அன்று மதியமே வேலை தொடங்கலாம். அதற்கு நீங்கள் வாங்க வேண்டியது எதுவுமில்லை, பிரிக்க வேண்டும். வரைபடங்களுக்குத் தனி வால்யூம், தனி பேக்கப் வேலை, மீட்கும் வரிசையில் முதல் இடம்.

அளவு பெரிதாகிவிட்டது என்பதற்காகப் பேக்கப்பையே விட்டுவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆவணங்கள் வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே நகலே வைக்கவில்லை. அத்தனை பெரிய அரசுக்கே நடந்தது. பிரிக்காமல் ஒரே குவியலாக வளர விட்டால் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் அந்த நிலைக்கு வந்துவிடுவார்கள்.

படங்களுக்கு நான் டேப் (காந்த நாடா) சொல்வேன். எல்டிஓ-9 வகையில் ஒரு நாடாவில் சுருக்கம் இல்லாமல் 18 டெராபைட், எழுதும் வேகம் நொடிக்கு 400 மெகாபைட் வரை. எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் எந்த நச்சுநிரலும் அதைத் தொட முடியாது. ஆனால் இரண்டு விஷயம். 1 கிகாபிட்டில் ஊட்டினால் டிரைவின் வேகத்துக்குத் தரவு வராமல் நாடா நின்று, பின்னோக்கி ஓடி, மறுபடி தொடங்கும். நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும். முதலில் ஒரு எஸ்எஸ்டி-யில் இறக்கி அங்கிருந்து எழுதுங்கள். அடுத்து, எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறைக்கு முந்தைய நாடாவைப் படிக்கும். எல்டிஓ-8, எல்டிஓ-9 இரண்டும் ஒரு தலைமுறைதான், எல்டிஓ-10 பழையது எதையும் படிக்காது. டிரைவை மாற்றும்போது பழைய நாடாக்களைப் புதியதில் எழுதும் வேலையையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

வலைத்துளி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இத்தனை செய்வதற்குப் பதில் செஃப் கிளஸ்டர் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைப்பது) ஒன்று போட்டுவிடலாமே? இடம் போதாவிட்டால் இன்னொரு சர்வரைச் சேர்த்தால் போதும் என்கிறார்கள்.

இரும்புப்பெட்டி

செஃப் அருமையான மென்பொருள், பெடாபைட் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் குறைந்தது மூன்று சர்வர், அவற்றுக்கிடையே வேகமான நெட்வொர்க், நடு இரவில் ஒரு முனை விழுந்தால் நிதானமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பொழிலிடம் இருப்பது தானும் ஓர் உதவியாளரும். அவர் விடுப்பில் போனாலும் ஓடுகிற அமைப்புதான் அவருக்குத் தேவை.

நீலமுகில்

பேக்கப் பெட்டி பற்றி ஒன்று. பொழில், அந்த என்ஏஎஸ் உங்கள் டொமைனில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான விண்டோஸ் கணக்கு அமைப்பு) சேர்ந்திருக்கிறதா? சர்வரிலிருந்து டிரைவ் எழுத்தாக மவுண்ட் ஆகியிருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இன்றைக்கே மாற்றுங்கள், புதிய பெட்டிக்குக் காத்திருக்க வேண்டாம். டொமைன் அட்மின் கடவுச்சொல் திருடு போனால் மூலமும் நகலும் ஒரே இரவில் பூட்டப்பட்டுவிடும். பேக்கப் பெட்டிக்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு. சர்வர் அதற்குள் எழுதுவதற்குப் பதில், அது வந்து சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். தினமும் ஓடுவதாக நினைத்திருந்த பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் பேக்கப் கருவி), பதிப்பு 9.2-க்கும் 9.6-க்கும் பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அவர்கள் இதை ஒளிக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் எங்கள் குழுவில் மாதாந்திர ரீஸ்டோர் கட்டாயமானது.

பொழில்

முடிவு செய்துவிட்டோம். விவரம் எழுதுகிறேன், ஓட்டை தெரிந்தால் சொல்லுங்கள்.

மூன்று மடங்குப் பெட்டி இல்லை. ரெய்டு-இசட் 2-இல் 40 டெராபைட் கிடைக்கும் அளவுக்கு ஒன்று, 10 கிகாபிட் ஒயரோடு. வரைபடங்கள் தனி வால்யூம், மணிக்கொரு ஸ்னாப்ஷாட். கேமரா மென்பொருளில் பிஎன்ஜி என்ற தேர்வு அங்கேயே இருந்தது, யாரும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்ததில் படம் பாதி அளவுக்குக் கீழே வருகிறது. 90 நாள் வரை சர்வரில் இருக்கும். அதற்கப்புறம் ஒரு நாள் படங்களை ஒரு தொகுப்பாகக் கட்டி, ஆப்ஜெக்ட் லாக் போட்ட ஆர்க்கைவுக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று. பழைய மடிக்கணினி நகல்களுக்கு உரிமையாளர் யார் என்று கேட்டதில் ஒருவரும் வரவில்லை. அழிக்க நிர்வாகம் எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டது. இருந்தாலும் ஒரு நாடாவில் எழுதி ஓராண்டு வைத்துவிட்டுத்தான் அழிப்போம்.

ஈஆர்பிக்கு ஒரே தரவை இரண்டிலும் எழுதும்படி இரண்டு என்விஎம்இ, ரிப்போர்ட்டுக்கு ரெப்ளிகா. இணைப்புகளை வெளியே எடுக்கும் வேலையை ஈஆர்பி செய்து கொடுத்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

என்ஏஎஸ் டொமைனில்தான் இருந்தது. அன்றே வெளியே எடுத்துவிட்டேன்.

வரைபட ஃபோல்டரை மட்டும் தனி இடத்தில் ரீஸ்டோர் செய்து பார்த்தோம். ஃபைல்கள் எல்லாம் வந்தன, ஆனால் அனுமதிகள் வரவில்லை. எல்லோருக்கும் எல்லாம் திறந்தது. இதை எப்படிச் சரிசெய்வது? பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும்போதும் இதே சிக்கல் வருமா?

இரும்புப்பெட்டி

இதை இப்போதே பார்த்தது நல்லதாயிற்று. பேக்கப் மென்பொருளில் பாதுகாப்பு விவரங்களையும் சேர்த்து எடு என்ற தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். பல மென்பொருள்களில் ரீஸ்டோர் பக்கத்திலும் தனியாக ஒரு தேர்வு உண்டு.

மாற்றத்துக்கு விண்டோஸின் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவி போதும், அனுமதிகளையும் உரிமையாளரையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்லி ஓட்டுங்கள். புதிய பெட்டி சம்பா (விண்டோஸ் அல்லாத பெட்டியிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைல் பகிரும் மென்பொருள்) வழியாகத்தான் ஃபைல் தரப்போகிறது என்பதால், ஒரு சின்ன ஃபோல்டரை முதலில் மாற்றி விண்டோஸ் பக்கமிருந்து அனுமதிகளைத் திறந்து பாருங்கள். அப்புறம் மொத்தமும். வேலை நாட்களில் பின்னணியில் முதல் நகல் ஓடட்டும், அதன்பின் தினமும் மாறியது மட்டும். கடைசி ஞாயிறு சர்வரைப் படிக்க மட்டும் என்று வைத்துவிட்டு இறுதி ஓட்டம், பிறகு பெயரை மாற்றிவிடுங்கள். பாதை 260 எழுத்தைத் தாண்டிய ஃபைல்கள் எங்காவது கட்டாயம் இருக்கும். ரோபோகாப்பி அவற்றை எடுத்துவிடும், ஆனால் பயனர்களின் பழைய மென்பொருள்கள் திறக்காது. பதிவு ஃபைலில் அவற்றைத் தேடி உரிமையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள், ஒரு மாதக் கணக்கு முடிகிற வரையாவது அணைத்து ஓரமாக வையுங்கள்.

அட்டவணை

ஒரு ஓட்டை தெரிகிறது. இணைப்புகள் வெளியே போன பிறகு டேட்டாபேஸும் ஃபைல்களும் இரண்டு தனிப் பேக்கப் ஆகிவிடும். எதை முதலில் எடுப்பது என்பதை அட்டவணையில் எழுதி வையுங்கள். டேட்டாபேஸ் முதலில், அது முடிந்த பிறகு ஃபைல்கள். அப்போதுதான் டேட்டாபேஸ் நகலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உரிய ஃபைல் பின்னால் எடுத்த நகலில் இருக்கும். மாற்றி எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் ஏற்றிய பில்களுக்கு வரி இருக்கும், ஃபைல் இருக்காது.

அழிப்பதையும் உடனே செய்யாதீர்கள். ஈஆர்பியில் ஒருவர் இணைப்பை நீக்கினால் டேபிளில் குறி மட்டும் விழட்டும். உங்கள் டேட்டாபேஸ் பேக்கப்பை 30 நாள் வைத்திருப்பதாக இருந்தால், ஃபைலை 45 நாள் கழித்து அழியுங்கள். 30 நாள் பழைய நகலை ரீஸ்டோர் செய்தாலும் அதில் உள்ள எல்லா இணைப்பும் திறக்கும்.

பொழில்

புதிய அமைப்புக்கு ஃபைல் பேக்கப் இரவு 9 மணிக்கு, டேட்டாபேஸ் 11 மணிக்கு என்று வைத்திருந்தேன். வரிசையை மாற்றிவிட்டேன், நேரம் குறிக்காமல், முதலாவது வெற்றியாக முடிந்தால்தான் இரண்டாவது தொடங்கும்படி இணைத்திருக்கிறேன். 45 நாள் விதியை ஈஆர்பிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஓட்டம் முடிந்ததும் பதிவு ஃபைலில் என்ன வந்தது என்று இங்கே எழுதுகிறேன்.